இரண்டாம் குழியின் சிவப்புப் பலகை

எங்கள் சந்திப்பில் ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்க்க ஒரு ஷெட் கட்டுவதென்று முடிவாகி, முதல் மண்வெட்டி விழுந்தது ஒரு சித்திரை மாதம். வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்த நாட்கள். வருடத்தை எழுதாமல் விடுகிறேன். என் குறிப்பு ஒன்று சொல்கிறது, உடன் வேலை பார்த்தவர்களின் ஞாபகம் வேறொன்று சொல்கிறது. எது சரி என்று தீர்க்க இப்போது வழியில்லை. தொண்ணூறுகளின் முன்பாதி என்பதில் மட்டும் சந்தேகம் கிடையாது. மன்னார்குடி கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. மீட்டர் கேஜ் பாதைகளையெல்லாம் அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சும் அப்போதுதான் டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. ஒழியப் போகும் பாதைக்கு எதற்குப் புது ஷெட் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கோப்பு பல வருடங்களுக்கு முன்பே நகரத் தொடங்கிவிட்டது, இனி அதை நிறுத்த யாராலும் முடியாது என்பதுதான் கிடைத்த பதில்.

நான் அங்கே ஸ்டோர் கிளார்க்; ‘ஸ்டோரு’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். கருவிகளும் உதிரிப் பாகங்களும் என் பொறுப்பு. கட்டடம் எழும்பும்போதே என்னை அங்கே போட்டுவிட்டதால் தொடக்கத்திலிருந்து பார்த்தவன்.

ஷெட்டில் இரண்டு குழிகள். இன்ஜினுக்கு அடியில் ஆள் நின்று வேலை செய்வதற்காக, தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாக வெட்டி, கான்கிரீட் பூசிய குழிகள். அவற்றை வெட்ட உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. இளவட்டங்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போயிருந்தார்கள். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் வளைகுடாவுக்கு. மேற்கே மானாவாரிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தக்காரர் லாரியில் ஆட்களை ஏற்றிவந்தார். அவர்கள் வயலோரம் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். யாரிடமும் அதிகம் பேசமாட்டார்கள்.

ஐப்பசி மழை வந்தது. எங்கள் மண் களிமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் கூழ். ஒரு காலை இரண்டாம் குழியின் கிழக்குப் பக்கம் முழுவதும் சரிந்து விழுந்தது. அந்த நேரம் வேலை நின்றிருந்தது, குழியில் யாரும் இல்லை என்று ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சொன்னார். மழை விடாததால் அந்த வாரமே கொட்டகைகள் காலியாயின. எல்லோரும் ஒரே பேருந்தில் போகவில்லை. கிடைத்த லாரியில், கிடைத்த ரயிலில், இரண்டு பேரும் மூன்று பேருமாகப் போனார்கள். தீபாவளி கழிந்து வந்தவர்கள் வேறு ஆட்கள். கட்டடம் ஏற்கெனவே தாமதமாகியிருந்ததால், சரிந்த மண்ணை முழுவதும் வெளியே எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே கெட்டித்து, அதன்மேல் கம்பி கட்டி கான்கிரீட் போட்டார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தவறாக எதுவும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டி முடித்தபின் விசித்திரமான ஒன்றை எல்லோரும் கவனித்தோம். முறையாக வெட்டி முறையாகப் பூசிய முதல் குழியில் ஊற்று நிற்கவேயில்லை. எப்போதும் முழங்கால் அளவு தண்ணீர், அதில் தவளை. சரிந்து விழுந்த இரண்டாம் குழியோ எலும்பு போல் காய்ந்து கிடந்தது. மழை அடித்துப் பெய்த நாளில்கூட அதன் தரையில் ஈரம் தெரியவில்லை.

அடுத்த வருடம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஃபோர்மேன் ஒருவர், ஃபிட்டர்கள் சிலர், அவர்களுக்கு உதவிக்குக் கலாசிகள். வராதது இன்ஜின் மட்டும்தான். காலையில் சங்கு ஊதும், ஆஜர் போடுவோம், ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்போம், மறுபடியும் சங்கு ஊதும், வீட்டுக்குப் போவோம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். நடுவில் இரும்புக் கூரை போட்ட பெரிய கட்டடம். உள்ளே சத்தமே இல்லை. நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"மாப்பிள்ளை வராத கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு சார். நாமெல்லாம் பந்தியில உக்காந்தாச்சு" என்பார் கலாசிகளில் மூத்தவர். ஷெட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்காரர். அதற்காகவே இந்த வேலை கிடைத்தது. தான் நாற்று நட்ட இடத்தில் இப்போது தனக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

ஃபிட்டர்களில் ஒருவரை நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம். வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு கடலோர ஊர்க்காரர். அவருடைய தெருவில் வேலை செய்யும் வயதில் இருந்த ஆண்கள் எல்லோருமே மஸ்கட்டிலோ துபாயிலோ இருந்தார்கள். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான். சிறு வயதில் வாப்பா என்றால் தனக்கு ஒரு டேப் ரிக்கார்டர்தான் என்று ஒருநாள் சொன்னார். மாதம் ஒரு கேசட் வரும். உம்மா அதைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைப்பார்.

"நல்லா படிக்கிறியா மவனேன்னு கேக்கும். நான் படிக்கிறேன் வாப்பான்னு டேப்புக்குப் பதில் சொல்லுவேன். அது பாட்டுக்கு அடுத்த பேச்சுக்குப் போயிரும்."

பாய்க்கு அப்போது ஒரு பெண் குழந்தை, ஒரு வயது ஆகவில்லை. மூத்த சகோதரர் மஸ்கட்டிலிருந்து விசா அனுப்பியிருந்தார். பாய் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, எனக்கு ரயில்வேயே போதும் காக்கா என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். மகள் தன் முகத்தைப் பார்த்து வளரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஷெட் நிலைத்தால் அவர் நிலைப்பார், இவ்வளவுதான் கணக்கு.

ஃபோர்மேன் கண்டிப்பானவர். இன்ஜினே இல்லாத ஷெட்டில் முதல் நாளே எங்களை வரிசையில் நிற்கவைத்துப் பலகை விதியைச் சொன்னார். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் ஓர் இரும்புக் கம்பம், அதில் ஒரு கொக்கி. குழிக்குள் இறங்குகிறவன் சிவப்புத் தகரப் பலகை ஒன்றை அதில் மாட்டிவிட்டு இறங்கவேண்டும். 'கீழே ஆள். நகர்த்தாதே' என்று அதில் எழுதியிருக்கும். பலகை தொங்கும்வரை அந்தப் பாதையில் எதுவும் வரக்கூடாது, போகக்கூடாது.

"போட்டவன் எவனோ அவன்தான் எடுக்கணும். உயிரே போனாலும் இன்னொருத்தன் கை அதுல படக்கூடாது."

"உயிரு போனவன் எப்படி சார் வந்து எடுப்பான்?" என்றார் மூத்த கலாசி. எல்லோரும் சிரித்தோம். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. முன்பு வேலை பார்த்த ஊரில், ஒருவர் போட்ட பலகையை இன்னொருவர் உதவி என்று நினைத்து எடுத்துவிட்டதைத் தன் கண்ணால் பார்த்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. கிழமை எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை பாயின் மகளுக்குக் காதுகுத்து, அதற்காக அவர் அந்த வாரம் முழுவதும் விடுப்பில் இருந்தார். பனி வயலிலிருந்து எழுந்து கட்டடத்துக்குள்ளேயும் வந்திருந்தது. நான்தான் முதலில் உள்ளே போனேன். இரண்டாம் குழியின் கம்பத்தில் சிவப்புப் பலகை தொங்கியது.

யாரோ இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து விளிம்பில் நின்று பார்த்தேன். பனி குழிக்குள் இறங்கித் தங்கியிருந்தது; தரை தெரியவில்லை. "யாருங்க கீழே?" என்றேன். பதில் இல்லை. வெயில் ஏறியபின் பார்த்தால் குழி காலி.

பலகைகள் ஸ்டோருக்கு வெளியே ஆணியில்தான் மாட்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். விளையாட்டுக்கு யாரோ செய்திருக்கிறார்கள் என்றே நினைத்தோம். ஃபோர்மேன் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவர் விடாமல் இல்லை என்றார்கள்.

"என்னைய ஏன் சார் மொறைக்கிறீங்க?" என்றார் மூத்த கலாசி. "எனக்கு இருக்கிற முட்டி வலிக்கு நான் பாத்ரூம் படியே ஏற மாட்டேன். குழியில இறங்குவனா?"

"அப்ப யாருதான்யா போட்டது?"

"அதான் கீழ ஆளுன்னு எழுதியிருக்குல்ல. அந்த ஆளையே கேளுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சொன்னவருக்கே முகம் மாறிவிட்டது.

"சரி, இருக்கட்டும். போட்டவன் எடுப்பான்" என்று சொல்லிவிட்டு ஃபோர்மேன் தன் அறைக்குப் போய்விட்டார்.

யாரும் எடுக்கவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அதுவரை இரண்டாம் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துதான் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். ஒவ்வொருவராக இடம் மாற்றிக்கொண்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. முதல் குழியில் தவளைகள் பகல் முழுவதும் கத்தும். பலகை தொங்கிய பக்கம் ஒரு பூச்சியின் சத்தம்கூட இருக்காது. மாட்டிய பொருள் காற்றில் ஆடும். இது ஆடவில்லை என்று ஒருவர் சொன்னார். அதை நான் உறுதிப்படுத்த முடியாது. நான் பார்த்த நேரங்களில் காற்று இல்லாமல் இருந்திருக்கலாம்.

படிக்கும் பழக்கம் உள்ளவன் நான். பழைய ரயில் பாதைகளைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் அந்த நாட்களில் தேடிப் படித்தேன். எந்தப் பாலத்துக்கு எத்தனை தூண், இரும்பு எந்த ஊரில் வார்த்தது, எந்தப் பெரிய மனிதர் கொடியசைத்தார் என்பதெல்லாம் இருந்தது. மண் சுமக்க எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்பது எதிலும் இல்லை. எங்கள் ஷெட்டுக்கும் அந்த விவரம் இல்லை. குழி வெட்டியவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ஆளுங்களா? வருவாங்க, போவாங்க. யாரு எண்ணுனா?" என்றார். பிறகு பாய்லருக்குப் பின்னால் கை காட்டினார். "ஒருத்தன் தூக்குவாளி மட்டும் அந்த மழையில இருந்து இங்கயே கெடக்கு. வந்து கேப்பான்னு வச்சிருக்கேன். ஊருக்குப் போற அவசரத்துல மறந்திருப்பான்."

அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். அவசரத்தில் மனிதர்கள் எதையும் மறப்பார்கள். அந்த வாளியை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். காலி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். இந்த மாதம் முடிவதற்குள் ஓர் இன்ஜினாவது உள்ளே வந்து, வேலை முடிந்து, தன் சக்கரத்தில் வெளியே போகவேண்டும். இல்லையென்றால் ஷெட்டை மூடி, ஆட்களைப் பிரித்து எங்கெங்கோ அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபிட்டர்களுக்கு ஒரிசா எல்லைப் பக்கம் என்றும் பேச்சு வந்தது. பாய் அன்று மாலை என்னிடம், "அவ்வளவு தூரத்துக்கு மஸ்கட் எவ்வளவோ பக்கம் ஸ்டோரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். விசா மாத முடிவில் காலாவதி ஆகிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாதத்தின் கடைசி வாரத்தில் இன்ஜின் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாசஞ்சர் இழுக்கும் டீசல் இன்ஜின், பிரேக் கோளாறு. காலை பத்து மணி வெயிலில் ஷெட்டின் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. முதல் குழியில் தண்ணீர். இருப்பது இரண்டாம் குழி ஒன்றுதான். அதன் கம்பத்தில் பலகை.

"கடைசித் தடவையா கேக்கிறேன்" என்றார் ஃபோர்மேன். "யாரு போட்டது?"

இன்ஜினின் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, உள்ள விடுவீங்களா, இல்ல ஜோசியம் பாத்துட்டு இருக்கீங்களா?" என்று கத்தினார்.

பாய் முன்னால் வந்தார். "நான்தான் சார் போட்டேன்."

அவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஃபோர்மேனுக்கும் தெரியும், விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர். கொஞ்ச நேரம் பாயின் முகத்தையே பார்த்தார். பிறகு, "அப்ப எடு" என்றார்.

பாய் கம்பத்தருகே போய், முறைப்படி குழிக்குள் குனிந்து, "கீழே ஆள் இருக்கா?" என்று உரக்கக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் காத்திருந்தார். விதிக்குத் தேவையானதைவிட அதிக நேரம் காத்திருந்தார். பிறகு பலகையைக் கழற்றினார். இன்ஜின் உள்ளே வந்து குழியின்மேல் நின்றது, சத்தம் அடங்கியது. பாய் அதே பலகையை மறுபடி மாட்டிவிட்டு, தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

பிரேக் கட்டைகளைத் தாங்கும் இரும்புக் கை ஒன்றை மாற்றவேண்டியிருந்தது. கனமான பொருள், ஒருவர் தாங்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் முடுக்கமுடியும். முட்டி வலி இல்லாத இளைய கலாசியை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஆள் வர நேரமானது. நான் விளிம்பில் நின்று கேட்ட கருவிகளை நீட்டிக்கொண்டிருந்தேன். கீழே பாயின் குரல் கேட்டது. "பிடிச்சுக்க. இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அப்படியே." தனியாக வேலை செய்கிறவர்கள் தமக்குத் தாமே பேசிக்கொள்வது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கலாசி வந்து இறங்கியபோது இரும்புக் கையை மாட்டி, போல்ட் முடுக்கி, பூட்டு ஊசியும் செருகியாகிவிட்டது.

"பாய், ஒத்த ஆளா எப்படிப் பண்ணீங்க? யாரு பிடிச்சா?"

பாய் அவனைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார். மிச்ச வேலையை இருவரும் முடித்தார்கள். கலாசி ஏறி வந்தான். பாய் ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது. மாலை பாசஞ்சருக்கு அந்த இன்ஜின் போகவேண்டும். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாய் கம்பத்தைத் தாண்டி நடந்து, குழாயில் கை கழுவத் தொடங்கினார்.

"பாய், பலகை" என்றார் ஃபோர்மேன்.

"எடுக்க முடியாது சார்."

"வேலை முடியலையா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்புறம் என்ன?"

"ரெண்டு பேருதான் சார் ஏறி வந்தோம்."

அந்த வார்த்தையை அங்கிருந்த எல்லோரும் கேட்டோம். ஷெட் நிலைக்க வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் விரும்பியவர் அவர்தான். இன்ஜின் வெளியே போனால் ஷெட் பிழைக்கும். அதற்குக் கையை நீட்டினால் போதும். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பைத்தியமாய்யா பிடிச்சிருக்கு உனக்கு? உன் பொண்ணுக்காகத்தானேய்யா காலையில பொய் சொன்ன?" என்று ஃபோர்மேன் கத்தினார்.

"ஆமாங்க. ஒரு தடவை சொல்லிட்டேன். ரெண்டாம் தடவை வாய் வரல சார்."

ஃபோர்மேன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே இறங்கினார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெளிச்சம் நகர்ந்ததைச் சக்கரங்களின் இடைவெளியில் பார்த்தோம். கிழக்குச் சுவரருகே வெளிச்சம் நின்றது. திரும்ப நகர நேரமானது. மேலே வந்தபோது, "ஒண்ணுமில்ல" என்றார். கம்பத்தருகே போய் நின்றார். ஒருவன் போட்டதை இன்னொருவன் எடுக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பலகையைத் தன் கையால் கழற்றினார். கழற்றும் முன் குழிக்குள் குனிந்து ஏதோ சொன்னார். கேள்வி மாதிரி இல்லை. மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்தது.

இன்ஜின் வெளியே போனது. அது குழியைத் தாண்டும்போது கூடியிருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நான் உட்பட. ஒன்றும் நடக்கவில்லை.

ஷெட் மூடப்படவில்லை. அடுத்த வாரமே இன்னும் இரண்டு இன்ஜின்கள் வந்தன. பாதை அகலமாகும்வரை வந்துகொண்டே இருந்தன. ஃபோர்மேன் ஓய்வுபெறும்வரை அந்த டார்ச் வெளிச்சம் எதற்காக நின்றது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாம் குழியில் யாரும் அடிபட்டதில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

பாய் மட்டும் மறுநாளிலிருந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போனேன். வாசலில் அம்பாசடர் கார் நின்றது. திருச்சிக்குப் போய் அங்கிருந்து விமானம். கூடத்தில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஷெட்டுதான் பொழைச்சிருச்சே பாய்? வேலை இருக்கே?"

"ஷெட்டுக்கு வேலை இருக்கு ஸ்டோரு. எனக்கு இல்ல."

"ஃபோர்மேன் எடுத்துட்டாரு. நீங்க எடுக்கல. உங்க மேல என்ன இருக்கு?"

"மொதல்ல எடுத்தது நான்தானே. நான் போட்டதுன்னு சொல்லி எடுத்தேன். அப்ப கீழ இருக்கிறவன் என் பொறுப்பு. அவன் ஏறாம நான் எப்படித் திரும்ப எறங்குறது? எறங்காத ஃபிட்டருக்கு என்ன சம்பளம்?" கயிற்றை இழுத்து முடிச்சிட்டார். "கனமான சாமான் ஸ்டோரு அது. ரெண்டு கையால தாங்கினான். மூச்சு வாங்கிச்சு அவனுக்கு."

பெட்டியை வாசல்வரை தூக்க நான் ஒரு கை கொடுத்தேன்.

கார் ஹாரன் அடித்தது. பாய் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். காதில் புதுக் கம்மல், இன்னும் சிவப்பு ஆறவில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார், வாங்கவில்லை. உம்மாவும் வாங்கவில்லை. யாரும் வாங்காவிட்டால் போகமாட்டார் என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் அருகில் நின்ற என்னிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். குழந்தை அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கார் திரும்பிய மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது.